பதினெட்டைப் பன்னிரண்டாக்கினோம்: வடசென்னைப் பள்ளி ஒன்றின் கணினி அறை

ராயபுரத்தில் இருக்கும் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் கணினி அறையில், 2024 கோடை விடுமுறையை ஒட்டிச் செய்த வேலையைப் பற்றியது இந்த ஆய்வு. பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. கல்மண்டபம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் இதே மாதிரி ஓர் அறையைப் பார்க்கலாம். கம்பிக் கதவு, நீலத் துணி போர்த்திய மானிட்டர்கள், மூலையில் பேட்டரி செத்துப்போன யுபிஎஸ்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம் லினக்ஸ். பழைய கணினிக்கு அதில் எந்த வகை நல்லது என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். கூடவே ஓர் எண்ணும் வரும்: “திறந்ததும் இத்தனை எம்பி ரேம்தான் எடுக்கும்.” அந்த எண்ணைப் பார்த்துப் பள்ளிக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் கட்சி. அதற்கான காரணங்களை அந்த அறையில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

அறையில் இருந்தவை

இருப்புப் பதிவேட்டில் 18 கணினிகள். ஒன்றுகூடப் பள்ளி வாங்கியதல்ல. ஒரு வங்கிக் கிளை, ஒரு தனியார் அலுவலகம், முன்னாள் மாணவர் ஒருவரின் ஜவுளிக்கடை என்று வெவ்வேறு காலத்தில் நன்கொடையாக வந்து சேர்ந்தவை. பதினொன்று ஜி31 சிப்செட் மதர்போர்டில் ஓடும் கோர் 2 டுவோ, பென்டியம் டூயல் கோர் வகை. மூன்று இரண்டாம் தலைமுறை ஐ3. மிச்சம் நான்கும் பென்டியம் 4. ஜி31 கணினிகளில் பெரும்பாலும் 2 ஜிபி ரேம், சிலவற்றில் 1 ஜிபிதான். ஐ3 மூன்றிலும் 4 ஜிபி. ஹார்டு டிஸ்க் எல்லாம் 80, 160 ஜிபி காலத்தவை.

ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரலிலும் 7-க்கு 2020 ஜனவரியிலும் முடிந்துவிட்டது. எந்தக் கணினியில் பென்டிரைவைச் செருகினாலும் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறி வெளியே வரும். அறையில் செருகிய பென்டிரைவை ஆசிரியர்கள் யாரும் தங்கள் லேப்டாப்பில் போடுவதில்லை.

“சுவிட்ச் போட்டுட்டு அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பிப்பேன் சார். முடிச்சுட்டு நிமிர்ந்தாகூட பாதி மிஷின்ல டெஸ்க்டாப் வந்திருக்காது” என்றார் கணினி ஆசிரியை. 45 நிமிடப் பீரியடில் பத்து நிமிடம் இப்படிப் போனால் செய்முறை வகுப்பு என்று ஒன்று இருந்தும் இல்லாத மாதிரிதான்.

முதலில் ஸ்க்ரூ டிரைவர்

எந்த மென்பொருளையும் தொடுவதற்கு முன்னால் எல்லாப் பெட்டிகளையும் கழற்றினோம். இதைத் தாண்டிப் போகாமல் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் “சிஸ்டம் ஸ்லோ” என்று வந்த புகார்களில் கணிசமானவை மென்பொருளின் குற்றமே இல்லை.

ஜன்னலைத் திறந்தால் காசிமேட்டுக் காற்று. உப்பு ஈரம் ரேமின் செம்பு நிறக் கால்களில் மங்கலாகப் படிந்துவிடும். கணினி சில நாள் பீப் அடிக்கும், சில நாள் ஓடும், சில நாள் 2 ஜிபியை 1 ஜிபி என்று காட்டும். ரேமை உருவி, பள்ளிக்கூட ரப்பரால் கால்களைத் தேய்த்து, துணியால் துடைத்துத் திரும்பச் செருகியதும் செத்ததாக ஒதுக்கி வைத்திருந்த ஒன்று எழுந்து வந்தது. பிராசசர் விசிறியில் தூசு கம்பளி மாதிரி அடைந்து கிடந்தது. சூடேறினால் பிராசசர் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினாலே வித்தியாசம் தெரிந்தது.

அப்புறம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. அது தீர்ந்தால் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் எந்த வலைத்தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் செல்லாது. பிரவுசர் எதைத் திறந்தாலும் “பாதுகாப்பான இணைப்பு இல்லை” என்று தகராறு செய்யும். பள்ளியில் இதை நெட் பிரச்சினை என்று நினைத்து இணைப்பு கொடுத்தவர்களிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறார்கள். பேட்டரியின் விலை இரண்டு மூன்று டீயின் விலைதான்.

ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட் நிரலை இரவு முழுக்க ஓடவிட்டோம். டிஸ்க்குகள் தங்கள் நிலையைத் தாங்களே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் படித்தோம். படிக்க முடியாமல் போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் பல டிஸ்க்குகளில் இருந்தன. ஜி31 போர்டுகளில் இரண்டில் கெப்பாசிட்டர்கள் தலை உப்பி நின்றன. அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். பென்டியம் 4 நான்கையும் அன்றே ஓரங்கட்டினேன். அவற்றின் டிடிஆர்1 ரேம் மற்றவற்றுக்கும் பொருந்தாது. அவை ஓடினால் அறை சூடாவதும் மின்கட்டணம் ஏறுவதும்தான் பலன்.

ஆக, உருப்படியானவை 12.

பதிவேட்டுச் சிக்கல்

தலைமை ஆசிரியர் இதை எளிதில் ஏற்கவில்லை. “பதினெட்டு இருக்குன்னு ரெஜிஸ்டர்ல இருக்கு. இன்ஸ்பெக்‌ஷன்ல பன்னெண்டுதான் ஓடுதுன்னா நான் என்ன சார் பதில் சொல்றது?” அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. நன்கொடையாக வந்தாலும் பதிவேட்டில் ஏறிவிட்டால் அது பள்ளிச் சொத்து. கண்டம் செய்ய, அதாவது உதவாதது என்று கழிக்க, முறையான அனுமதி வாங்காமல் தூக்கிப் போட முடியாது. ஒரு கணினியின் ரேமைக் கழற்றி இன்னொன்றில் போட்டால்கூட நாளைக்குக் கேள்வி வரும்.

கடைசியில் வந்த ஏற்பாடு இது. எந்த எண்ணுள்ள கணினியிலிருந்து என்ன பாகம் எடுத்து எந்த எண்ணில் போட்டோம் என்று தேதியோடு ஒரு தனி நோட்டில் எழுதி, தலைமை ஆசிரியரின் கையெழுத்து வாங்கினோம். உயிரில்லாத ஆறும் எண் ஒட்டிய நிலையில் ஸ்டோர் ரூமுக்குப் போயின. கண்டத்துக்கான கடிதம் நிர்வாகம் வழியாகத் தனியாகப் போனது. ஓடாத பதினெட்டை விட ஓடும் பன்னிரண்டு மேல் என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்தது என் வாதம் அல்ல. ஒரு பீரியடுக்கு வந்து பின்வரிசையில் நின்று பார்த்தார். மூன்று பையன்கள் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

யாருக்கு என்ன வேலை

பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பிரிவில் கணினிப் பயன்பாடுகள் பாடம் உண்டு. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஓபன் ஆஃபிஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ், அப்புறம் ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட். பன்னிரண்டில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், தரவுத்தளம், வலைத்தளம் எழுதும் பிஹெச்பி. ஆறு முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பீரியட்: தட்டச்சு, படம் வரைவது. ஆசிரியர்களுக்குக் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் ஏற்றும் வேலை, தமிழில் வினாத்தாள் அடிக்கும் வேலை. புரொஜெக்டர் போட்டுக் கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களை யூடியூபில் காட்டுவதும் உண்டு.

இந்தப் பட்டியலில் மிகக் கனமானது எது? பிரவுசர். அதற்கடுத்து ஆஃபிஸ். டெஸ்க்டாப் எங்கேயோ கீழே நிற்கிறது.

போட்டியில் நின்றவை

விண்டோஸ் 10 பேச்சு சீக்கிரம் முடிந்தது. 2025 அக்டோபர் 14-இல் அதற்கும் ஆதரவு நிற்கும் என்பது அப்போதே தெரியும். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய பிராசசரும் இந்த அறையில் எந்தப் பெட்டியிலும் இல்லை.

லினக்ஸில் அடித்தளமாக 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ஐ எடுத்துக்கொண்டோம். நீண்டகால ஆதரவோடு சேர்த்து 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். உபுண்டுவின் மெலிந்த வகைகளான லுபுண்டு, சுபுண்டு இரண்டையும் பார்த்தோம். உபுண்டு 22.04 முதல் ஃபயர்பாக்ஸ் பிரவுசர், தனக்கு வேண்டியதையெல்லாம் உள்ளே கட்டிக்கொண்டு வரும் ஸ்னாப் பொட்டலமாக வருகிறது. பழைய ஹார்டு டிஸ்க்கில் அது முதல்முறை திறக்க எடுக்கும் நேரம் பொறுமையைச் சோதிக்கும். ஸ்னாப்பை நீக்கலாம், ஆனால் நீக்கியதை ஒவ்வொரு மேம்படுத்தலிலும் காவல் காக்க வேண்டும். சி-டாக் சென்னையில் உருவாக்கும் பாஸ் லினக்ஸையும் யோசித்தோம். அதுவும் டெபியனின் மேல் கட்டியதுதான் என்பதால் நேராக மூலத்துக்கே போய்விட்டோம். பப்பி லினக்ஸ் ரேமிலேயே ஓடும், வேகத்துக்குக் குறையில்லை. ஆனால் இயல்பாகவே நிர்வாகி அதிகாரத்தோடு திறக்கும் ஒன்றை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மெனு, சாளரம், ஐகான் எல்லாம் காட்டும் டெஸ்க்டாப்பை லினக்ஸில் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். அதில் கடைசிச் சுற்றுக்கு வந்தவை மூன்று: ஐஸ்டபிள்யூஎம், எல்எக்ஸ்க்யூடி, எக்ஸ்எஃப்சிஇ. ஆன்டிஎக்ஸ் போன்ற மிக மெலிந்த லினக்ஸ்கள் நம்பியிருப்பது முதலாவதை. லுபுண்டு 2018-இல் இரண்டாவதுக்கு மாறியது. மூன்றாவது 1996-இலிருந்து இருப்பது, மூன்றில் வயதில் மூத்தது, கனமானதும் அதுதான்.

எதை அளப்பது

ஒரே ஜி31 கணினியில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தபோது, எதையும் திறக்காத நிலையில் ஐஸ்டபிள்யூஎம் சுமார் 200 எம்பி, எல்எக்ஸ்க்யூடி 400-க்குப் பக்கம், எக்ஸ்எஃப்சிஇ 500-ஐ ஒட்டி எடுத்தது. எண்ணை மட்டும் பார்த்தால் இங்கேயே முடிவு கட்டிவிடலாம். ஆனால் பிள்ளைகள் வால்பேப்பரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போவதில்லையே. காலி டெஸ்க்டாப்பை அளந்து என்ன ஆகப் போகிறது?

அதனால் ஒரு பீரியடில் என்ன நடக்குமோ அதையே சோதனையாக வைத்தோம். ஃபயர்பாக்ஸில் எமிஸ் தளம் ஒரு டேப், கல்வித் தொலைக்காட்சி வீடியோ இன்னொரு டேப். லிப்ரே ஆஃபிஸில் இரண்டு பக்கத் தமிழ் வினாத்தாள். அதில் ஒரு வரி அடித்து பென்டிரைவில் சேமிக்க வேண்டும். கையில் போனின் ஸ்டாப்வாட்ச்.

2 ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் இருந்தபோது மூன்று டெஸ்க்டாப்பும் ஒரே இடத்தில்தான் மூச்சுத் திணறின: ரேம் நிரம்பி, அதில் இடமில்லாததை டிஸ்க்கில் ஸ்வாப்பாக எழுத ஆரம்பித்த நொடியில். ஐஸ்டபிள்யூஎம் அந்த இடத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். வந்தபிறகு அதுவும் மற்றவற்றைப் போலவே உறைந்தது. இரண்டு டேபும் ஆஃபிஸும் சேர்ந்து ஒரு ஜிபிக்கு மேல் வாங்கும்போது, டெஸ்க்டாப்பில் மிச்சம் பிடித்த 300 எம்பி இன்னும் ஒரு டேப் திறக்கும் வரைதான் தாங்கும்.

அதே கணினியில் ரேமை 4 ஜிபியாக்கி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில், சுழலும் தட்டு இல்லாத 120 ஜிபி எஸ்எஸ்டி போட்டோம். மூன்றுமே ஓடின. எக்ஸ்எஃப்சிஇக்கும் ஐஸ்டபிள்யூஎம்முக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்டாப்வாட்ச் காட்டியது, உட்கார்ந்திருந்த ஆசிரியைக்குத் தெரியவில்லை. இந்தப் போர்டுகள் டிஸ்க்கோடு பழைய சாட்டா இணைப்பின் வேகத்தில்தான் பேசும், எஸ்எஸ்டியின் முழு வேகத்தில் பாதிகூட வராது. பரவாயில்லை. சின்னச் சின்னக் கோப்புகளை அங்கங்கே தேடிப் பொறுக்குவதில்தான் பழைய டிஸ்க் காலத்தை விழுங்கியது, அதை எஸ்எஸ்டி ஒழித்துவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களிடம் 1 ஜிபி ரேம்தான், அதைக் கூட்டவும் வழியில்லை என்றால் நான் சொல்வது பொருந்தாது. அங்கே 300 எம்பி என்பது பெரிய தொகை. ஐஸ்டபிள்யூஎம்மையோ ஆன்டிஎக்ஸையோ எடுங்கள், பிரவுசரை ஒரு டேபோடு நிறுத்துங்கள். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு 1 ஜிபி கணினிகளைச் சேர்த்து ஒரு 2 ஜிபி கணினியாக்க முடியுமா என்று ஒருமுறை பாருங்கள்.

ரிச்சி தெரு

பணம் முன்னாள் மாணவர்கள் தந்தது. எஸ்எஸ்டி ஒன்று அப்போது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். டிடிஆர்2 ரேம் புதிதாகக் கிடைப்பதில்லை, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கழற்றி விற்கும் பழைய 2 ஜிபி ஸ்டிக்குகளை வாங்கினோம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 4 ஜிபி டிடிஆர்2 ஸ்டிக் என்று விலை மலிவாகக் காட்டுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஏஎம்டி போர்டுக்கு மட்டும் ஒத்துவருபவை. ஜி31-இல் செருகினால் திரையே வராது. ஒரு ஸ்லாட்டுக்கு 2 ஜிபி, மொத்தம் 4 ஜிபி, அதுதான் ஜி31-இன் எல்லை. கடையிலேயே ஒரு போர்டில் போட்டுக் காட்டச் சொல்லி வாங்குவது நல்லது. கழற்றிய 1 ஜிபி ஸ்டிக்குகளையும் சேர்த்து, சிலவற்றை 4-க்கும் சிலவற்றை 3-க்கும் கொண்டுவந்தோம்.

ஏன் எக்ஸ்எஃப்சிஇ

வேகத்தில் வித்தியாசம் பெரிதாக இல்லை என்று ஆனபிறகு, இன்னொரு சோதனை வைத்தோம். ஆசிரியையிடம் ஒரு தாளைக் கொடுத்தோம். சத்தத்தைக் கூட்டு, புரொஜெக்டரில் திரையைக் காட்டு, பென்டிரைவைப் பத்திரமாக எடு, விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்று, எழுத்தின் அளவைப் பெரிதாக்கு. யாரும் உதவக் கூடாது.

ஐஸ்டபிள்யூஎம்மில் புரொஜெக்டரிலேயே நின்றுவிட்டார். அங்கே சில வேலைகளுக்கு அமைப்புக் கோப்பைத் திறந்து வரி மாற்ற வேண்டும். எனக்கு அது சுகமான வேலை. நாற்பது பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் செய்கிற வேலை அல்ல. எக்ஸ்எஃப்சிஇயில் எல்லாவற்றையும் அமைப்புகள் சாளரத்திலேயே தேடிப் பிடித்தார். எல்எக்ஸ்க்யூடியிலும் கிட்டத்தட்ட எல்லாம் முடிந்தது. அதை எடுத்திருந்தாலும் குற்றமில்லை. எக்ஸ்எஃப்சிஇ பக்கம் சாய்ந்ததற்கு முக்கியக் காரணம், அதன் முகம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு மெதுவாகத்தான் மாறும். ஆசிரியை கையால் எழுதி லேமினேட் செய்து ஒட்டிய குறிப்பு நாலு வருடம் கழித்தும் செல்லுபடியாக வேண்டும். மென்பொருள் விமர்சனங்களில் இதற்கு மதிப்பெண் போடுவதே இல்லை.

உள்ளே செய்த சில்லறை வேலைகள்

எக்ஸ்எஃப்சிஇயின் நிழல், ஒளிபுகும் சாளரம் போன்ற அலங்காரங்களைச் செய்யும் கம்போசிட்டரை அணைத்தோம். ஜி31-இன் உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு அது வீண் சுமை. ஸெட்ரேம் போட்டோம். ரேம் நிரம்பும்போது டிஸ்க்குக்குப் போகாமல், ரேமிலேயே ஒரு பகுதியில் தகவலைச் சுருக்கி வைக்கும் ஏற்பாடு அது. அழுத்தும் முறையாக எல்ஸெட்4-ஐத் தேர்ந்தெடுத்தோம். ஸெட்ஸ்டாண்டர்டு இன்னும் நன்றாகச் சுருக்கும், ஆனால் கோர் 2 வகைப் பிராசசருக்கு அது கூடுதல் வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது எர்லிஊம் என்ற சின்ன நிரல். ரேம் தீரும் தறுவாயில் அது கணினியை உறையவிடாது, அதிகம் விழுங்கும் செயல்முறையை நிறுத்திவிடும். பெரும்பாலும் பிரவுசரின் ஒரு டேப் சாகும். வகுப்பறையில் இதன் அருமை தெரியும். கணினி உறைந்தால் பையன் ஐந்து நொடி பார்ப்பான், ஆறாவது நொடியில் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பான். அப்படி அழுத்தி அழுத்தித்தான் இந்த டிஸ்க்குகளில் பாதி கெட்டிருக்கும் என்பது என் ஊகம்.

ஃபயர்பாக்ஸில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின். யூடியூபுக்கு ஹெச்264 என்ற பழைய வீடியோ வடிவத்தையே கேட்டு வாங்கும் ஒரு நீட்சி. புதிய வீடியோ வடிவங்களைப் பிரித்தெடுக்கும் வன்பொருள் இந்தக் கணினிகளில் இல்லாததால் பிராசசர் தலையில்தான் எல்லாம் விழும். ஹெச்264-இல் 360, நல்ல நாளில் 480 வரை தடங்கலில்லாமல் ஓடியது. அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. புரொஜெக்டரை ஐ3-உடன் இணைத்துவிட்டோம்.

நெட் பல நாள் ஆசிரியையின் போன் ஹாட்ஸ்பாட்தான். லினக்ஸ் போட்ட பத்துக் கணினியும் தனித்தனியாக அப்டேட் இறக்கினால் அவருடைய டேட்டா ஒரே பீரியடில் காலி. ஒரு ஐ3-இல் ஆப்ட்-கேச்சர் நிறுவி, ஒருமுறை இறக்கியதை மற்றவை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி செய்தோம்.

மாணவர் கணக்கு ஒவ்வொரு முறை கணினி திறக்கும்போதும் மூலப்படிக்குத் திரும்பிவிடும். ஐகானை இழுத்துக் கலைத்தாலும் வால்பேப்பரில் நடிகர் படம் போட்டாலும் மறுநாள் பழையபடி. ஆனால் பிள்ளைகள் செய்த வேலையும் கூடவே போய்விடும் அல்லவா? அதற்காக “வேலை” என்று ஒரு தனிப் பகுதி, அதில் வகுப்பு வாரியாக ஃபோல்டர். இதைப் பழக்கப்படுத்த ஆசிரியைக்குச் சில வாரம் பிடித்தது. டெஸ்க்டாப்பில் சேமித்து இழந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அழுத பிறகு மற்றவர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள்.

தமிழ் அடிப்பது

இங்கேதான் மெலிந்த டெஸ்க்டாப்புகள் சறுக்குகின்றன. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை இரண்டு வழியில் கிடைக்கும். ஒன்று, எக்ஸ் விசைப்பலகை அமைப்பில் இருக்கும் தமிழ்நெட்99. கூடுதல் மென்பொருள் வேண்டாம், ரேம் வேண்டாம். ஆனால் அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் மட்டுமே ஓடும். தமிழ்99-இன் அழகு, க-வை இருமுறை தட்டினால் க்க என்று புள்ளி தானே விழுவது. அதற்கு முன்னால் தட்டியது என்ன என்று நினைவில் வைக்கும் உள்ளீட்டு முறை வேண்டும். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளும் எம்17என் தொகுப்பும் சேர்ந்தால் அது வரும். ஐபஸ் சில பத்து எம்பி எடுக்கும். தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். தமிழ் வினாத்தாள் அடிக்க முடியாத கணினியில் மிச்சம் பிடித்த எம்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொரு தலைவலி பழைய வினாத்தாள்கள். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் தமிழாசிரியர்களின் பென்டிரைவில் இருப்பது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களான பாமினியும் வானவில்லும். எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பள்ளி உரிமம் வைத்திருந்த எழுத்துருக்களை நிறுவிப் படிக்க வழி செய்தோம். அடிக்கடி பயன்படுபவற்றை ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் இருக்கும் மாற்றிகளை வைத்து யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்தே ஆக வேண்டும். ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் எங்கேயாவது இடம் மாறி நிற்கும்.

மாறாத இரண்டு

பன்னிரண்டில் இரண்டு ஜி31 கணினிகளை விண்டோஸ் 7-இலேயே விட்டோம், நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு. கேபினெட்டில் விண்டோஸ் உரிம ஸ்டிக்கர் இருந்தவை அவை. காரணம் பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001-இல். இருந்தாலும் பாடத்தில் இருக்கிறது, செய்முறைத் தேர்வில் வரும். லினக்ஸில் ஸ்க்ரைபஸ் இருக்கிறது, கருத்துகளைப் புரியவைக்க அது போதும். ஆனால் தேர்வில் மெனு பெயர் கேட்பார்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணை வைத்து நான் கொள்கை பேச முடியாது. பழைய மென்பொருளுக்குப் பழைய கணினி, நன்றாகவே ஓடுகிறது.

பள்ளியில் இருந்த பழைய லேசர் பிரிண்டருக்கும் லினக்ஸில் சரியான டிரைவர் இல்லை. அதையும் இந்த இரண்டில் ஒன்றில் மாட்டிவிட்டோம். வினாத்தாளை பிடிஎஃப் ஆக்கி பென்டிரைவில் கொண்டுபோய் அச்சடிக்கிறார்கள். அழகான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன்.

மற்ற பாடங்கள் தகராறில்லாமல் இடம் மாறின. புத்தகத்தில் ஓபன் ஆஃபிஸ் படங்கள், கணினியில் லிப்ரே ஆஃபிஸ். இரண்டும் 2010-இல் பிரிந்த ஒரே குடும்பம் என்பதால் மெனுக்கள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. பிஹெச்பிக்கு அப்பாச்சி சர்வர் எல்லாம் போடவில்லை. பிஹெச்பியிலேயே இருக்கும் சின்ன சர்வரை ஒரு ஐகானில் வைத்துவிட்டோம். சின்னப் பிள்ளைகளுக்கு டக்ஸ் பெயிண்ட் எல்லாக் கணினியிலும் ஓடியது. கல்வி விளையாட்டுகள் அடங்கிய ஜிகாம்ப்ரி ஜி31-இல் திக்கியதால் ஐ3-இல் மட்டும்.

யார் பார்த்துக்கொள்வது

எல்லாம் தயாரான ஒரு கணினியை குளோன்ஸில்லா மூலம் படியெடுத்து, அந்தப் பிம்பத்தை ஒரு பென்டிரைவில் வைத்து மற்றவற்றில் இறக்கினோம். சர்வர் ஒன்றிலிருந்தே எல்லாக் கணினியும் நெட்வொர்க் வழியாகத் திறக்கும் எல்டிஎஸ்பி முறையைப் பற்றியும் பேச்சு வந்தது. சர்வரோ சுவிட்சோ ஒருநாள் படுத்தால் அறை மொத்தமும் படுக்கும் என்பதால் விட்டுவிட்டோம். உப்புக் காற்றில் கேபிள் முனைகளை நம்ப முடியாது.

பிம்பத்தை இறக்கும் வேலையை ஆசிரியையே செய்து பார்த்தார், நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பென்டிரைவிலிருந்து திறக்க எந்தப் போர்டில் எஃப்11, எதில் எஃப்12 என்று ஒவ்வொரு கேபினெட்டிலும் ஸ்டிக்கர் ஒட்டினார். அந்தக் கல்வியாண்டில் இரண்டு கணினிகள் தகராறு செய்தபோது யாரையும் கூப்பிடாமல் அவரே மீட்டுவிட்டு, பிறகுதான் எனக்குச் சொன்னார்.

இப்போது சுவிட்ச் போட்டு ஒரு நிமிடத்துக்குள் உள்ளே நுழைய முடிகிறது. ஒரு கணினிக்கு மூன்று, சில வகுப்பில் நான்கு பேர் என்பது குறைதான். சுற்றுமுறையில் கைமாற்றிச் சமாளிக்கிறார்கள். ஷார்ட்கட் வைரஸ் அந்தப் பத்தில் ஓடாது. ஆனால் பென்டிரைவில் ஏறிவரும் கோப்பு அப்படியே விண்டோஸ் இரண்டுக்கும் போய்ச்சேரும் என்பதால், அங்கே செருகும் முன் லினக்ஸில் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

இனி

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32-பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. பள்ளியின் கோர் 2 வகை எல்லாம் 64-பிட் என்பதால் பாதிப்பில்லை. அவசரமும் இல்லை, 12-லேயே 2028 வரை ஓட்டலாம்.

விண்டோஸ் 10-இன் ஆதரவு முடிந்ததை ஒட்டி, அலுவலகங்கள் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளைக் கழிக்கின்றன. முன்னாள் மாணவர் ஒருவர் வழியாக அப்படி ஒரு தொகுதி தர முன்வந்திருக்கிறார்கள். டெபியனுக்கு அவை ராஜபோகம். முன்பு வந்த நன்கொடையில் சில பெட்டிகள் ரேமும் டிஸ்க்கும் உருவப்பட்ட வெறும் கூடாக வந்திருந்தன. தகவல் பாதுகாப்புக்காக டிஸ்க்கை எடுத்துவிடுவது அலுவலகங்களின் வழக்கம். அதனால் இந்த முறை ஆசிரியை போனில் முன்கூட்டியே பேசிவிட்டார்: டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள் சார், ரேமை விட்டுவிடுங்கள், பவர் கேபிளும் சேர்த்து அனுப்புங்கள், எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, ஓடுவதை மட்டும் தாருங்கள். பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துக்கொள்வதாகத் தலைமை ஆசிரியரும் சொல்லியிருக்கிறார்.